சாப்பிட மாட்டேங்கான்: அடமா, முடியாமையா?

(மணப்பாட்டில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரை)



சத்துணவைப் பத்திப் பேசுங்கன்னு தலைவி அக்கா சொன்னாங்க. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து, முட்டையில் புரதம், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. அங்கன்வாடிச் சுவரிலேயே படம் போட்டு எழுதியிருக்கு. நான் பேசப்போறது வேற ஆட்களைப் பத்தி. அந்தக் கீரையையும் முட்டையையும் ஆக்கி முன்னால வச்சாலும் வாயில் வைக்க முடியாதவங்களைப் பத்தி. வீட்டுல அரிசி இருக்கு, மீன் இருக்கு, ஊட்டிவிட ஆள் இருக்கு. ஆனா பிள்ளை சாப்பிடலை.

நம்மில் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறவங்க கை தூக்குங்க. பாருங்க, எத்தனை கை! 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கினபோதே சமைக்கிற பொறுப்பு சுய உதவிக் குழுப் பெண்கள் கைக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15-ல் கிராமப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. நம்ம கடற்கரையில் சாமியார்களும் கன்னியர்களும் நடத்துகிற உதவிபெறும் பள்ளிக்கூடம் நிறைய இருக்கிறதால, அதுக்கப்புறம்தான் நம்ம பிள்ளைகள் பலருக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கிடைச்சது. நான் இதை ஏன் சொல்லுதேன்னா, எந்தப் பிள்ளை தட்டை வாங்கிட்டு மூலையில் போய் உட்காருது, எந்தப் பிள்ளை சாம்பார் படாத இடமாப் பார்த்து விரலை வைக்குது, எது மணி அடிக்கிற வரைக்கும் பிசைஞ்சுக்கிட்டே இருந்துட்டுக் கொட்டுது, இதெல்லாம் டாக்டருக்கு முன்னால உங்க கண்ணுக்குத்தான் தெரியும். சில நேரம் பெத்த அம்மாவுக்கும் முன்னால.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நம்ம ஊரில் ரெடியா பேர் வச்சிருக்கோம். அடம். செல்லம். நாக்கு ருசி. "ரெண்டு நாள் பட்டினி போடு, தன்னால திம்பான்." இதைக் கேக்காத அம்மா இங்க யாராவது இருக்கீங்களா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வயசோட வந்து வயசோட போகிற விஷயம்தான். ரெண்டு வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும் புதுசா எதைக் கொடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பும். ஒரு புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை, கட்டாயப்படுத்தாம, தட்டில் பார்த்தப்புறம்தான் பல பிள்ளைகள் ஏத்துக்கும். அதுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். நாம மூணாவது நாளே "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முடிவு கட்டிருவோம், அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் பேர் வேற மாதிரி. அவங்க சாப்பிடுகிற பதார்த்தங்களை ஒரு நோட்டில் எழுதச் சொன்னால், குழுவுக்கு வரவு செலவு எழுதுறமே அந்த மாதிரி ஒண்ணுவிடாம எழுதச் சொன்னால், இருபது வரிக்கு மேல் போகாது. சில பிள்ளைக்கு ஏழு, எட்டோட நின்னுரும். போன வருஷம் பத்து இருந்தது இந்த வருஷம் ஏழாயிருக்கும். அதிலும் அந்த பிஸ்கட் அதே கம்பெனியா இருக்கணும், மேல் உறை மாறினாலே வேண்டாம்னு சொல்லும். இந்த நிலைமைக்கு மருத்துவத்தில் தனிப்பேர் இருக்கிறது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அந்தப் பேர் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதிலும் இடம் பிடித்தது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி 'ஆர்ஃபிட்' என்பார்கள். தமிழில் 'தவிர்த்தும் குறைத்தும் உண்ணும் கோளாறு' என்று சொல்லலாம். பேர் கிடக்கட்டும். அது எது, எது இல்லைங்கிறது முக்கியம்.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறது இது இல்லை. அது நாமே மனசோடு விட்டுக்கொடுக்கிறது. வீட்டில் இல்லாத கொடுமையால் சாப்பிடாம இருக்கிறதும் இது இல்லை. ஒல்லியாகணும், சினிமாக்காரி மாதிரி ஆகணும்னு வயித்தைக் காயப்போடுகிறதும் இது இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தன் உடம்பு குண்டா ஒல்லியாங்கிற கவலையே கிடையாது. நம்ம நாட்டில் இப்படி உடம்பழகுக் கவலை இல்லாமல் சாப்பாடு நின்னுபோன பிள்ளைகளை டாக்டர்கள் ரொம்ப நாளாகவே பார்த்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2007-ல் ஓர் ஆய்வு எழுதினார்கள். உணவுக் கோளாறோடு அவர்களிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனசு சம்பந்தப்பட்ட வாந்திதான். மெலியணுங்கிற ஆசை கொஞ்சம் பேருக்குத்தான் இருந்தது.

இது வருகிற வழி மூணு. ஒண்ணு, சிலருக்கு நாக்கும் மூக்கும் விரலும் மத்தவங்களைவிடக் கூர்மை. நமக்கு வழவழன்னு இருக்கிற வெண்டைக்காய் அவங்களுக்குப் புழு ஊர்ற மாதிரி இருக்கும். கருவாடு காயப்போட்ட தெருவில் சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற பிள்ளையைப் பார்த்திருப்பீங்க. "கடக்கரையில பொறந்துட்டு மீன் வாடை ஆகாதாம்ல, இவ எந்த ஊர் மகாராணி"ன்னு ஆச்சிமார் சிரிப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு அது சிரிப்பில்லை, குமட்டல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகமாகப் பார்க்கலாம். ஆனால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் உண்டு. இன்னொரு வழி, பசியே தெரியாது. விளையாட்டில் கிடக்கும், கூப்பிட்டு உட்காரவச்சா நாலு வாய், போதும். மூணாவது வழி பயம். அதைத்தான் நான் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். நம்ம ஊர்ப் பயம் அது.

இந்தக் கடற்கரையில் ஒரு ஊர். பேர் வேண்டாம். ஏழு வயசுப் பையன். சாலை மீன் குழம்பு சாப்பிடும்போது தொண்டையில் முள்ளு சிக்கிக்கிட்டு. வீட்டில் வழக்கமாச் செய்யறதைச் செஞ்சாங்க. சோத்தை உருட்டி முழுங்கச் சொன்னாங்க, வாழைப்பழத்தை அப்படியே விழுங்கச் சொன்னாங்க. (அதைச் செய்யாதீங்க அக்கா. முள்ளு இன்னும் ஆழமா இறங்கிப் போயிரும்.) பையன் மூச்சுத் திணறி, இருமி, கண்ணு பிதுங்கி, ராத்திரி பூரா அழுது, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பார்த்துட்டு முள்ளு இல்லை, கீறல்தான், போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டார். எல்லாருக்கும் நிம்மதி. ஆனா முள்ளு போச்சே தவிர பயம் போகலை. அன்னைக்கு மத்தியானம் இட்லியை வாயில் வச்சவன் துப்பிட்டான். சோறு வேண்டாம்னான். அப்புறம் கஞ்சித்தண்ணி, பால், டீயில் ஊறி அப்படியே கரைஞ்சு போற பிஸ்கட். ரெண்டு மாசம் இதுதான்.

அந்த ரெண்டு மாசத்தில் அந்த அம்மா பட்டது கொஞ்சமில்லை. மாமியார் ஒரு பக்கம், மைனி ஒரு பக்கம், "பிள்ளை வளக்கத் தெரியல." தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. தொண்டைக்குள்ள விரலை விட்டதும் பையனுக்குப் பயம் ரெட்டிப்பாச்சு. பசி டானிக் மூணு பாட்டில் வாங்கினாங்க. அந்த மாதிரி மருந்து சிலது தூக்கத்தைத்தான் கொடுக்கும், டாக்டர் எழுதித் தராம மெடிக்கலில் கேட்டு வாங்கக் கூடாது. கோயிலில் புனித பிளாசியு திருநாளன்னைக்கு, பிப்ரவரி 3-ஆம் தேதி, ரெண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கழுத்துகிட்ட வச்சுத் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுப்பாங்களே, அதுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. தொண்டையில் முள் சிக்கின பையனைக் காப்பாத்தினவர் அந்தப் புனிதர்னு சொல்லுவாங்க. அது பையனுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பயத்துக்குத் தைரியம் எந்த வாசல் வழியா வந்தாலும் நல்லது. ஆனா தொக்கம் எடுக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். பயந்த தொண்டைக்குள்ள கையை விடுறது எந்த வைத்தியமும் இல்லை.

கடைசியில் அந்தப் பையனைக் கண்டுபிடிச்சது யாரு? காலை உணவு ஆக்குற அக்கா. "சாம்பாரை மட்டும் குடிச்சுட்டு உப்புமாவைக் கொட்டுதான். ஒரு நாள் இல்ல, தினமும். கால்சட்டை இடுப்புல நிக்கல"ன்னு அவங்க குழு ஊக்குநர்கிட்ட சொன்னாங்க. அந்த அம்மாவும் ரெண்டு மாசமாக் குழுக் கூட்டத்துக்கு வரலை. ஒவ்வொரு வேளைக்கும் ஒண்ணரை மணி நேரம் பிள்ளை முன்னால தட்டோட உட்கார்ந்திருந்தா எங்க வர்றது? ஊக்குநர் வீட்டுக்குப் போய்ப் பேசி, அப்புறம்தான் என்கிட்ட வந்தாங்க. எடை மூணு கிலோ குறைஞ்சிருந்தது.

முதல் வேலை மறுபடியும் காது மூக்கு தொண்டை டாக்டர். விழுங்குற வழியில் நிஜமாகவே கோளாறு இல்லைன்னு உறுதியாகணும், அதைப் பையன் காதால் கேக்கணும். ரத்தச் சோதனை பார்த்தோம். அடுத்த ரெண்டு வாரம் நாங்க எதையுமே மாத்தலை. அம்மாவுக்கு அதுதான் கஷ்டமா இருந்தது. "மேடம், அதே கஞ்சியா?" அதே கஞ்சிதான். ஆனா நேரத்துக்கு. காலை, பத்தரை, மத்தியானம், நாலு மணி, ராத்திரி. கஞ்சித்தண்ணிக்குப் பதில் சத்துமாவுக் கஞ்சி, அதில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, பையன் கண்ணு முன்னாலேயே காய்ச்சி. எடை இறங்குறது நின்னது. அதுக்கப்புறம்தான் படி ஏறினோம்.

பயத்தை எண்ணிச் சொல்லச் சொன்னோம். "பயம் எத்தனை விரல்?" பத்து விரலும் காட்டினா அதைத் தொட வேண்டாம். மூணு விரல், நாலு விரல் பயம் எதுக்கோ அதை எடுப்போம். கஞ்சியைக் கொஞ்சம் இறுக்கமாக் காய்ச்சினோம். ஒரு வாரம் கழிச்சு உளுந்தங்களி, நல்லெண்ணெய் விட்டு, வழுக்கிக்கிட்டுப் போற பதத்தில். அப்புறம் சாம்பாரில் ஊறின இட்லி. அப்புறம் குழைஞ்ச சோறு. ரசம்சோறு வந்தன்னைக்கு அந்த அம்மா போனில் அழுதாங்க. மீனுக்கு வந்தபோது சாலையும் நெத்திலியும் பேச்சுக்கே எடுக்கலை. சுறாப்புட்டு வச்சோம். சுறாவுக்குச் சின்ன முள்ளு கிடையாதே. வேகவச்சு உதிர்க்கிறதைப் பையனையே செய்யச் சொன்னோம், தன் விரலால தடவித் தடவிப் பார்த்துக்கிட்டான். ஏழு மாசம் ஆச்சு. இன்னைக்கு அவன் பள்ளிக்கூடத்து உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுறான். சாலை மீனை இன்னும் தொடலை. தொடாட்டா என்ன? முட்டை சாப்பிடுறான், பருப்பு சாப்பிடுறான், சுறா சாப்பிடுறான்.

"பட்டினி போட்டா தன்னால திம்பான்" ஏன் இவங்களுக்குப் பலிக்காது தெரியுமா? சாப்பாடு குறையக் குறைய இரைப்பை மெதுவாத்தான் காலியாகும். ரெண்டு வாய்க்கே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், பசி இன்னும் மந்திக்கும். பயந்தால் வாய் வறண்டு தொண்டை இறுகும். "விழுங்க முடியல"ன்னு பிள்ளை சொல்றது நடிப்பில்லை, அந்த நேரத்தில் நிஜமாகவே இறங்காது. அடிச்சு ஊட்டினால் அடுத்த வேளை தட்டைப் பார்த்ததுமே அந்த இறுக்கம் வந்துரும். மூக்கைப் பிடிச்சு ஊத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஓலைப்பெட்டி முடையற அக்காமார் இருக்கீங்க. காஞ்ச ஓலையை மடக்கினா ஒடியும், நனைச்சு வச்சுப் பதம் வந்தப்புறம்தானே மடக்குவீங்க?

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். பிள்ளை பயமில்லாமல் சாப்பிடுகிற பதார்த்தம் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கும். வெறும் தயிர்சோறு, சால்னா ஊத்தாத புரோட்டா, ரவை தோசை, ஏதோ ஒண்ணு. நான் அதை 'நம்பின சாப்பாடு'ன்னு சொல்லுவேன். அதை ஒருபோதும் நிறுத்தாதீங்க, மிரட்டுறதுக்கு அதைப் பயன்படுத்தாதீங்க. "கீரையைத் தின்னாத்தான் தயிர்சோறு"ன்னு சொன்னா கீரையும் போகும், தயிர்சோறும் போகும். ஒவ்வொரு வேளையும் தட்டில் நம்பின சாப்பாடு கட்டாயம் இருக்கணும். பக்கத்தில், ஒட்டாம, ஒரு பட்டாணி அளவுக்குப் புதுசு ஒண்ணு. சாப்பிடச் சொல்லக் கூடாது. பார்த்தா போதும். ஒரு வாரம் பார்த்தப்புறம் தொடட்டும், பிறகு முகரட்டும், நாக்கில் வச்சுப் பார்க்கட்டும், கடிச்சுட்டுத் துப்பணும்னாலும் துப்பட்டும். துப்புறதுக்கு ஒரு கிண்ணம் பக்கத்தில் இருந்தால் கடிக்கத் தைரியம் வரும். "ஆகா, என் ராசா சாப்பிட்டுட்டான்"னு கைதட்டவும் வேண்டாம். எல்லாரும் தன் வாயையே பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா அதுவும் ஒரு பாரம்தான்.

எது, எப்போ, எங்கேங்கிறதைத் தாய் முடிவு பண்ணணும். எவ்வளவு, சாப்பிடலாமா வேண்டாமாங்கிறதைப் பிள்ளை முடிவு பண்ணணும். எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சொன்ன கணக்கு இது, உலகம் பூரா இதை வச்சு வேலை செய்றாங்க. நம்ம வீட்டில் தலைகீழா நடக்குது. என்ன வேணும்னு பிள்ளைகிட்ட கேட்டுட்டு, எவ்வளவு திங்கணும்னு நாம சண்டை போடுறோம். சாப்பாட்டு நேரம் அரை மணியோட முடியணும். அதுக்கு மேல தட்டை எடுத்துருங்க, திட்டாம. அடுத்த நேரம் ரெண்டரை, மூணு மணி நேரத்தில் வரத்தான் போகுது. இடையில் டீ, மிக்சர், அஞ்சு ரூபாய் பாக்கெட் கொடுத்தால் பசி வராது. தண்ணி கொடுக்கலாம். போனைக் காட்டி ஊட்டுறது சில பிள்ளைக்கு இறங்கும்தான், ஆனா அது என்ன சாப்பிட்டுச்சுன்னு அதுக்கே தெரியாது. புதுசு எதுவும் பழகாது.

அடுத்தபடி, நம்பின சாப்பாட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போற மாதிரி நகரணும். உருளைக்கிழங்கு சிப்ஸ் மொறுமொறுன்னு இருக்கிறதாலதான் பிடிக்குதா? அப்போ அடுத்தது அப்பளம், அடுத்தது வீட்டில் வறுத்த கிழங்கு, பிறகு மொறுமொறுன்னு பொரிச்ச நெத்திலி. மீன் குழம்பை விட்டுட்டு நெத்திலிப் பொரியலைப் பிடிச்ச பிள்ளைகள் உண்டு. ரவை தோசை சாப்பிடுறவனுக்கு மாவில் கொஞ்சம் உளுந்து மாவு, அப்புறம் மேலே முட்டையை மெல்லிசாத் தடவின தோசை. நேரா அவிச்ச முட்டையில் போய் நிக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் நான் கறாரா இருப்பேன். ஒளிச்சு வைக்காதீங்க. முருங்கையிலைப் பொடியைத் தெரியாம தோசை மாவில் கலக்குறது, மாத்திரையைப் பொடிச்சுப் பாலில் போடுறது. சாதாரணப் பிள்ளைக்கு அது சரியாப் போகலாம். இந்தப் பிள்ளைகள் நாக்கு கண்டுபிடிச்சுரும். அன்னையோட பாலும் போச்சு. இருந்த ஏழு ஆறாகும். சேர்க்கணும்னா சொல்லிட்டுச் சேருங்க, அரை ஸ்பூன்னா அரை ஸ்பூன்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. அப்பா, சித்தப்பா, ஆச்சி எல்லாரும் ஒண்ணா உட்காருற நாள் அதுதான். அன்னைக்குப் புதுசு எதுவும் வைக்காதீங்க. ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அன்னைக்கு அந்தப் பிள்ளை தன் தயிர்சோத்தோட எல்லார் நடுவிலும் உட்கார்ந்தா போதும், அதுவே பெரிய படி. தங்கலுக்குப் போற வீட்டுக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க, பத்து நாள் கழிச்சு வந்ததும் முதல் வேலையா "இன்னுமாலே மீன் திங்கல"ன்னு கேக்கக் கூடாதுன்னு.

பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவங்களுக்கு: கட்டாயப்படுத்தாதீங்க, மத்தப் பிள்ளைகள் முன்னால பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. சாம்பாரை மேலே ஊத்தாம ஓரத்தில் ஊத்தினால் சாப்பிடுற பிள்ளை இருக்கு, அதுக்கு ஒரு செலவும் இல்லை. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கணும்னு அரசாங்கமே வச்சிருக்கு. தொடர்ந்து ஒரு மாசம் ஒரு பிள்ளை கொட்டினால் டீச்சர்கிட்டயும் அம்மாகிட்டயும் தனியாச் சொல்லுங்க.

இது சின்னப் பிள்ளை விவகாரம் மட்டும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல், "விரதம்", "வயித்து வலி"ன்னு சாக்குச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து தயிர்சோறு சாப்பிடுற பெரியவங்க நம்ம குழுவிலேயே இருக்கலாம். முப்பது வருஷமா அஞ்சாறு பதார்த்தத்தில் காலம் தள்ளுறவங்க. வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டாங்க. அப்படி ஒரு பொண்ணு மருமகளா வந்து, மசக்கையும் சேர்ந்துட்டா ரத்தம் சட்டுன்னு இறங்கும். முதல் மாசத்திலேயே கிராம சுகாதார செவிலியர்கிட்ட இதை வாய்விட்டுச் சொல்லணும். "மருமக எங்க சமையலைக் கேவலமா நினைக்கா"ன்னு மாமியார்மார் எடுத்துக்கக் கூடாது. முன்னால உட்கார்ந்திருக்கிற மாமியார்மார் சிரிக்கீங்க, சரி!

உடம்பு பார்க்க நல்லா இருக்கிறதே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பையன். தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்து கடை உருளைக்கிழங்கு வறுவல், பாக்கெட் சிப்ஸ், வெள்ளை ரொட்டி, கொஞ்சம் பதப்படுத்தின இறைச்சி, இவ்வளவுதான் சாப்பாடு. மத்ததெல்லாம் வாயில் வச்சா அந்தப் பதமே ஆகலை. உயரமும் எடையும் சரியா இருந்தது. பதினாலு வயசில் சோர்வுன்னு வந்தபோது வைட்டமின் பி12 குறைவுன்னு கண்டுபிடிச்சாங்க. பதினேழு வயசுக்குள் பார்வை போச்சு, திரும்ப வரவே இல்லை. 2019-ல் டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதி உலகம் பூரா செய்தியாச்சு. வைட்டமின் சி இல்லாமல் ஈறில் ரத்தம் கசிந்து, கால் வலியில் நடக்கவே மறுத்த ஆட்டிசம் பிள்ளைகளைப் பத்தியும் டாக்டர்கள் எழுதியிருக்காங்க. ஒரு கொய்யாப்பழத்தில், ஒரு நெல்லிக்காயில் இருக்கிற சத்து அது. ஆனா அந்தக் கொய்யாவை வாயில் வைக்க முடியாத பிள்ளைக்குச் சொட்டுமருந்தோ மாத்திரையோ டாக்டர் எழுதித்தான் தரணும்.

அதனால் இதையெல்லாம் பார்த்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீங்க: எடை இறங்குறது, அல்லது அங்கன்வாடி அட்டையில் கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கிறது, ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போறது. ஈறில் ரத்தம், மாலைக்கண், மயக்கம். வயசுக்கு வந்த பொண்ணுக்கு மாதவிலக்கு நிக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் இருமல், புரையேறல். தண்ணியே குடிக்காமல் சிறுநீர் குறையறது. ரொம்ப நாள் சரியாச் சாப்பிடாமல் மெலிஞ்சு போனவங்களுக்கு, மனசு மாறிட்டாங்களேன்னு ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டவும் கூடாது. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புச்சத்துகள் திடீர்னு இறங்கி இதயத்தைப் பாதிக்கும். அவங்களை ஆஸ்பத்திரியில் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.

எங்கே போறது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கன்வாடிக்கு வருஷத்தில் ரெண்டு தடவையும், அரசு, உதவிபெறும் பள்ளிக்கு ஒரு தடவையும் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும். அன்னைக்குப் பிள்ளையை லீவு போடவைக்காதீங்க, அந்த நோட்டைக் கையில் கொடுத்து விடுங்க. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை நலப் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு, மனநலப் பிரிவு எல்லாம் இருக்கு. மனநலப் பிரிவுன்னதும் பயப்படாதீங்க, பயத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம் அதுதான். 104-க்குப் போன் பண்ணியும் கேக்கலாம்.

குழுவில் ஒரு அக்கா சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்காங்க. "என் மகளுக்கு ஒன்பது வயசு. வெறும் சோறு, அப்பளம், பால், பிஸ்கட். அவ அப்பா அடிக்கிறார். நான் ராத்திரி அவர் தூங்கினப்புறம் பிஸ்கட் கொடுக்கேன். நான் செய்றது தப்பா?"

அக்கா, பேர் போடலை, சரிதான். பிள்ளை வயிறு காயாமப் பார்த்துக்கிட்டது தப்பே இல்லை. அதை ராத்திரி ஒளிஞ்சு கொடுக்காம, எல்லார் முன்னாலயும் நேரத்துக்குத் தட்டில் வைக்கிற மாதிரி பண்ணணும், அவ்வளவுதான். அதுக்கு உங்க வீட்டுக்காரர்கிட்ட யாராவது பேசணும். நான் பேசுறேன். அவரைக் கூட்டிட்டு வர வேண்டாம், கரை திரும்பின நேரத்தைச் சொல்லுங்க, ஊக்குநர் அக்காவோட நானே வீட்டுக்கு வரேன். எடை போடுற மெஷினும் கை அளக்கிற நாடாவும் எடுத்துட்டு வருவேன், பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க.

டீ கொடுத்தப்புறம் மேடைக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். ஒவ்வொருத்தராத் தனியா வாங்க, பிள்ளையையும் கூட்டிட்டு வரலாம்.